கடைசிக் கைப்பிடி

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. படித்துறையின் மேல்படியில் வரிசையாகக் கிடக்கும் செருப்பு ஜோடிகளை ஹுல்டா குனிந்து எண்ணுகிறாள். எண்ணி முடித்ததும் மறுகோடியிலிருந்து திரும்ப ஒரு முறை. இரண்டு தடவையும் ஒரே எண் வந்தால்தான், "ம், கிளம்புங்க" என்பாள். அதுவரை பதின்மூன்று பெரிய மனிதர்கள் நீச்சலுடையில், வெறுங்காலோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

கரையோரமாக ஒன்றரை கிலோமீட்டர் மேலே நடந்து, நடைபாலத்திலிருந்து குதித்து, ஆரே ஆறு இழுத்த இழுப்புக்கு மிதந்து வந்து, கரையில் பதித்திருக்கும் சிவப்புக் கைப்பிடிகளில் ஒன்றைப் பிடித்து ஏறிவிட வேண்டும். இந்த ஊர் ஆற்று நீச்சல் கிளப்பின் மொத்த வேலையும் இவ்வளவுதான். கைப்பிடிகள் ஐந்து. ஐந்தாவதையும் விட்டுவிட்டால் அடுத்து இருப்பது தடுப்பணை. அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அந்த ஐந்தாவது கைப்பிடிக்குப் பக்கத்தில், ரப்பர் வளையம் கட்டிய நாலு மீட்டர்க் கழியோடு, மே முதல் செப்டம்பர் வரை தினமும் மாலை ஹுல்டா உட்கார்ந்திருக்கிறாள்.

வயது அறுபத்தெட்டு. வெயில் மண்டையைப் பிளந்தாலும் மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்ற மாட்டாள். கழுத்தில் விசில். அந்த விசிலுக்கு அணைக்கு அப்பால் மேயும் பசுக்கள்கூடத் தலை நிமிர்ந்து கரையேறி நிற்கும் என்று கிளப்பில் சத்தியம் செய்வார்கள். எந்த மீனும் அவளிடம் பெயர் கொடுக்காமல் ஐந்தாவது கைப்பிடியைத் தாண்டுவதில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை மட்டும் நான் நேரில் பார்த்ததில்லை.

முப்பது வருஷம் செருப்புக் கடையில் விற்பனையில் இருந்தவள். ஆளை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. தேய்ந்த குதிகாலை வைத்துத் தெரியும். "இது சில்வானோடது. அடுப்பு முன்னாடியே நின்னு நின்னு முன்பக்கம் தேஞ்சிருக்கு பாரு" என்பாள். சில்வான் பேக்கரிக்காரர். கரையேறியவர்கள் தத்தம் செருப்பைப் போட்டுக்கொண்டு போவார்கள். செருப்பு கிடக்கிறதென்றால் ஆள் ஆற்றில் இருக்கிறார். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் ஒருவர் செருப்பில் இன்னொருவர் விளையாட்டுக்குக்கூடக் கால் வைக்க மாட்டார்.

வேறொரு பழக்கமும் உண்டு. அவ்வப்போது இரும்புக் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பாள். ஆரேயின் அடியில் கூழாங்கற்கள் ஓயாமல் உருளும். தூரத்தில் எங்கோ அப்பளம் பொரிவது மாதிரி ஒரு சத்தம். மேலே மலையில் மழை பெய்தால் பொரிகிற சத்தம் போய் அரைக்கிற சத்தம் வரும். அன்று அவள் கரும்பலகையில் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு கோடு கிழிப்பாள். சிவப்புக் கோடு போட்ட நாளில் ஒரு சுற்றுதான். இரண்டாம் சுற்று கிடையாது. அந்த விதியைக் கொண்டுவந்தவர் கிளப் தலைவர் ஓத்மார்.

இவ்வளவு பயம் எதற்கு என்று புதிதாகச் சேர்ந்த யாரோ ஒரு தடவை கேட்டார்கள். யாராவது போய்விட்டார்களா, புருஷனா, பிள்ளையா என்று பரிதாபமாக இழுத்தார்கள். ஹுல்டா அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். "யாரும் போகல. முப்பத்தோரு வருஷமா ஒருத்தர்கூடப் போகல. அதான் எனக்குப் பயமே" என்றாள்.

போன செப்டம்பரில் ஒரு சிவப்புக் கோட்டு நாள். தண்ணீர் பச்சை போய்ப் பழுப்பாகிவிட்டது. எல்லோரும் விறைத்துப்போய் நாலாவது கைப்பிடியிலேயே ஏறிவிட்டார்கள். ஓத்மார் மட்டும் வழக்கம்போலக் கெத்தாக ஐந்தாவதற்கு வந்தார். எழுபத்திரண்டு வயது, வெள்ளை ரப்பர்த் தொப்பி. கையை நீட்டினார், விரல் கம்பியில் பட்டு வழுக்கியது. ஹுல்டாவின் கழி நீண்டது. வளையத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்.

சில்வான் விடுவாரா? "என்ன தலைவரே, இன்னைக்கு ஹுல்டா தூண்டில்ல நல்ல கிழட்டு மீன் மாட்டியிருக்கு!"

"எடை போட்டுப் பாரு ஹுல்டா, சமைக்கத் தேறுமா?" என்று இன்னொரு குரல்.

ஓத்மாரும் சிரித்தார். கிளப்பில் தேநீரும் கேக்கும் கவனிக்கும் பெத்லி தந்த சூடான தேநீரை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். அவர் சிரித்தபோது காது சிவந்ததை ஹுல்டா கவனித்தாள். அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. கரையேறியவர் கணக்கில் இல்லை அல்லவா?

ஆறரைக்குக் கூட்டம் கலைந்தது. பெத்லி கேக் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹுல்டா கழியைச் சாய்த்துவிட்டுத் திரும்பினாள். மேல்படியில் ஒரு ஜோடி செருப்பு. நாற்பத்துநாலாம் அளவு. இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்தது.

"தலைவரோடது" என்றாள்.

"மறந்துட்டுப் போயிருப்பாரு. எழுபத்திரண்டு ஆகுதுல்ல" என்றாள் பெத்லி.

"வீட்டு வாசப்படிய மறப்பாரு, இத மறக்க மாட்டாரு. எப்பப் பாத்த அவர?"

"தேநீர் குடிச்சாரு... அப்புறம் மேல நடந்து போனாரு. நான் வீட்டுக்குன்னு நெனச்சேன்."

"அவர் வீடு கீழ்ப்பக்கம்டி."

ஹுல்டா கம்பியில் காதை வைத்தாள். அரைத்தது, அரைத்தது, வேறு எதுவும் கேட்கவில்லை. பாலத்திலிருந்து மிதந்து வரப் பத்து நிமிஷம். இன்றைய வேகத்துக்கு ஏழு. நடக்க இருபது. அவர் போய் எவ்வளவு நேரம்? கூட்டிப் பார்த்தாள். ஒருவேளை அவர் ஏற்கெனவே தாண்டியிருந்தால்? அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கழியைச் சாய்த்த அந்த அரை நிமிஷத்தில்? அணைப் பக்கம் பார்க்க வேண்டும். பார்க்கக் கழுத்து திரும்பவில்லை.

"ஹுல்டா! அதோ!"

வெள்ளைத் தொப்பி. கரையோரத்தில் இல்லை; ஐந்தாறு மீட்டர் உள்ளே. கைகள் வீசிக்கொண்டிருந்தன, ஆனால் வீசுகிற பக்கம் அவர் வரவில்லை. நாலாவது கைப்பிடியை எட்டாமலே கடந்தார்.

ஹுல்டா விசிலை வாயில் வைத்தாள். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. துப்பினாள். "தலைவரே, காலை உதைங்க! கையை விடுங்க, காலு, காலு!" என்று கத்திக்கொண்டே படியில் இறங்கினாள். மூன்றாம் படிக்குக் கீழே அவள் போய் யாரும் பார்த்ததில்லை. நாலாம் படியில் தண்ணீர் முழங்காலை அறுத்தது. ஐந்தாம் படியில் மழைக்கோட்டு உப்பி, ஆறு அவளையும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தது.

"என் கோட்டப் புடி பெத்லி! ரெண்டு கையாலயும்!"

கழியை நீட்டினாள். வளையம் அவர் தலைக்கு ஒரு முழம் முன்னால் விழுந்து அலையில் போனது. இழுத்தாள், மறுபடி வீசினாள். ஓத்மாரின் முகம் இப்போது நன்றாகத் தெரிந்தது. கிளப் விழாக்களில் சொற்பொழிவு ஆற்றும் முகம் இல்லை அது. அவர் அவளைத்தான் பார்த்தார், கைப்பிடியை அல்ல. வளையம் அவர் தோளில் பட்டது. ஒரு கை மேலே வந்தது. விரல்கள் மூடின.

கழி வில்லாக வளைந்தது. பெத்லி எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறு அவரைக் கரைப்பக்கம் சுழற்றியது. கைக்கெட்டும் தூரம் வந்ததும் ஹுல்டா கழியைத் தூர எறிந்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மேல்படியில் உட்கார்ந்து ஓத்மார் வெகுநேரம் இருமினார். உதடு நீலம். "ஒரே ஒரு தடவ... நானே என் கையால கம்பிய புடிச்சுக் காட்டிரலாம்னு..." என்றார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார். விழவில்லை. பெத்லி அவர் முதுகில் துண்டைப் போர்த்தினாள்.

"போதும் ஹுல்டா, விடு. கரைக்கு வந்துட்டேன்ல" என்றார் ஓத்மார்.

ஹுல்டா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெத்லி தேநீர்க் கோப்பையை நீட்டினாள். வலது கை அவர் மணிக்கட்டிலேயே இருக்க, அவள் அதை இடது கையால் வாங்கிக்கொண்டாள்.