'இருக்கு' என்ற குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. எதையும் இரண்டு தடவை சந்தேகப்படுகிற ஆள். அந்தப் பாழாய்ப்போன சந்தேக புத்தியால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன்.

ட்ரோன் ஓட்டுவது என் தொழில். நூற்றிருபது மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. பொழுது சாய்வதற்குள் இறக்கிவிட வேண்டும். எந்நேரமும் அது கண்ணில் பட வேண்டும். நான் கையிலுள்ள திரையைப் பார்ப்பேன். வானத்தைப் பார்ப்பது என் மச்சினன் துரையின் வேலை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கா?" என்பேன். தெரிந்தால் "இருக்கு மாமா" என்பான். மறைந்தால் "இல்ல மாமா". போன மாதம் துரை போனை நோண்டிக்கொண்டே "இருக்கு" சொன்னதில் ட்ரோன் எல்லை தாண்டி, எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு தப்பு நடந்தால் லைசென்ஸ் ரத்து. என் வீட்டு அடுப்பு எரிவது அதை நம்பித்தான்.

அன்று, மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் புகைபோக்கியில் விரிசல் பார்க்கும் வேலை. மூன்று மாடிக்கு மேல், மொட்டை மாடியில் நின்றோம். மாலை 5.31க்கு மச்சினனை மாற்று பேட்டரி எடுத்துவர வண்டிக்கு அனுப்பினேன். 5.36க்கு எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்து நின்றது. வந்துவிட்டான் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ட்ரோனை ஏற்றினேன்.

"இருக்கா?"

"இருக்கு."

'மாமா' இல்லை. மாமா போடாமல் அவனுக்குப் பேச்சே வராது. வண்டிக்கு அனுப்பிய கோபமாக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு உறுத்தியது. மறுபடி போனில் மூழ்கிவிட்டானோ?

5.42. சோதித்துப் பார்த்தேன். ட்ரோனைப் புகைபோக்கிக்குப் பின்னால் மறைத்தேன். மாடியில் எங்கே நின்று பார்த்தாலும் தெரியாது.

"இருக்கா?"

"இருக்கு."

பச்சைப் பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க இருக்கு?"

"கொஞ்சம் பின்னால வாங்க... தெரியும்."

குரல் இப்போது தள்ளிக் கேட்டது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இரண்டடி பின்னால் வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்..."

5.44. ட்ரோனை எங்கள் பக்கம் திருப்பினேன். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

திரையில் முதலில் கீழே வண்டி தெரிந்தது. பக்கத்தில் மச்சினன். கையில் பேட்டரி. மேலே பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு மாடி தெரிந்தது.

நான் மட்டும்.

என் குதிகாலுக்குப் பின்னால் ஒரு அடி. அதற்கப்புறம் தரை இல்லை. கைப்பிடிச் சுவர் அங்கே இடிந்து கிடந்தது.

"இருக்கு..."

அந்த வெறும் வெளியிலிருந்து.

எப்படி இறக்கினேன், எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. கீழே படிக்கட்டின் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. எல்லோரும் போய்விட்டோம் என்று நினைத்து 5.33க்கே பூட்டியதாக வாட்ச்மேன் சொன்னார். மச்சினன் மேலே வரவே இல்லை.

குரலைப் பற்றிச் சொன்னேன். வாட்ச்மேன் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"போன வருஷம் இதே வேலைக்கு ரெண்டு பேர் வந்தாங்க. மேல பார்க்கிற ஆளு, அண்ணாந்து பார்த்துக்கிட்டே பின்னால நடந்துட்டாரு."

கத்தவில்லையா என்று கேட்டேன்.

"இல்லைங்க. 'இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டேதான் விழுந்தாரு."