சாயந்திரத் திட்டு

பஸ் ஸ்டாண்டில் அவள் குரலைக் கேட்டவர்கள் அவளை வேறு மாதிரி ஆள் என்று நினைத்திருப்பார்கள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று மைக்கில் அவள் ஆரம்பித்தால் வீறிட்டு அழுகிற குழந்தைகூட ஒரு நொடி வாயை மூடும். பத்தொன்பது வருஷமாக அறிவிப்பு அறையில் உட்கார்ந்து பஸ்களை வழியனுப்புகிறவள். அந்தக் குரலில் ஒருநாளும் ஒரு பிசிறு விழுந்ததில்லை. அம்மணிக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்பது அவளைக் கட்டிக்கொண்டவருக்கும் அவருடைய அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

கோபம் வராமல் என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள். அறையின் பக்கவாட்டில் ஒரு விசாரணை ஜன்னல், மேஜையில் ஒரு விசாரணை போன். இரண்டையும் அவள்தான் பார்க்க வேண்டும். "எட்டரை மணி பஸ் எத்தனை மணிக்குங்க?" என்று ஒருத்தர் கேட்பார். "எட்டரைக்குங்க ஐயா" என்று தேன் ஒழுகச் சொல்லுவாள். "சரியா எட்டரைக்கா?" என்பார் அவர். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் தலையாட்டுவாள். எல்லாவற்றையும் உள்ளே போட்டு அமுக்கி வைத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு வீடு வந்து, செருப்பைக் கழற்றி உதறும்போதே ஆரம்பிப்பாள்.

அதுதான் அந்த வீட்டின் சாயந்திரம். கணவர் அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்கிறவர். நாலு மணிக்கே வந்துவிடுவார். டீயை ஊற்றி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பசை காய்ந்த விரல்களை உரித்துக்கொண்டே கேட்பார்: "இன்னிக்கு எவன் மாட்டினான்?" மாமியார் ரேடியோவை அணைத்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்காருவார். அப்புறம் இருபது நிமிஷம் கச்சேரிதான். அவள் ஒவ்வொருத்தரையும் போல நடித்துக் காட்டித் திட்டுவாள். கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார். மாமியார் நடுநடுவே எடுத்துக் கொடுப்பார்: "மடையன்னு சொல்லிட்டு விட்டுட்டியே, அடி முட்டாளேன்னு சேர்த்துக்கோ." டீ ஆறிப்போகும். அதற்கும் ஒரு திட்டு விழும். அப்புறம் மூன்று பேரும் சீட்டாடுவார்கள். மாமியார் கூசாமல் ஏமாற்றுவார். பிள்ளை குட்டி இல்லாத வீடு என்று பரிதாபப்பட்டுக்கொண்டு வந்தவர்கள் வாசலிலேயே அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுத் திகைத்து நின்றதுண்டு.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் போயிற்று.

காலையில் லேசாக நெஞ்சைப் பிடிக்கிறது என்று கணவர் வேலைக்கு லீவு போட்டிருந்தார். பதினொரு மணிக்கு வலி அதிகமாகியிருக்கிறது. பன்னிரண்டுக்கு ஆள் இல்லை. அறிவிப்பு அறைக்குள் கைபேசி கூடாது, மைக்கில் இரையும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அவசரம் என்றால் விசாரணை போனுக்குத்தான் கூப்பிட வேண்டும். அந்த நம்பரைக் கணவரே கொட்டை எழுத்தில் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கே ஓடிவந்து டைம் கீப்பரிடம் சொல்லி, டைம் கீப்பர் படியேறி வந்து அவளிடம் சொன்னபோது மணி ஒன்று நாற்பது. அடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்தவளிடம் மாமியார் சொன்ன முதல் வார்த்தை: "போன் போட்டேன்மா. லைனே கிடைக்கலை."

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. ஏனென்றால் அன்றைக்குப் பதினொரு மணிக்கு லைனில் எவன் இருந்தான் என்று அவளுக்குத் தெரியும். கிளி ஒன்று கூண்டோடு வருகிறது, அதற்கு டிக்கெட் உண்டா, அரை டிக்கெட்டா, ஜன்னலோரம் வைக்கலாமா என்று பத்து நிமிஷம் அறுத்தான் ஒருத்தன். அவளும் நாசமாய்ப் போன அந்தக் கனிவோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சாயந்திரம் இவன்தான் மாட்டினான் என்று மனசுக்குள் எடுத்தும் வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் யாரையும் திட்டவில்லை. வந்தாள், செருப்பை ஓரமாக வைத்தாள், அடுப்பைப் பார்த்தாள், படுத்தாள். உள்ளே மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது. கிளிக்காரன்மேல், அலமாரிப் பூட்டின்மேல், நெஞ்சுவலியை லேசு என்று சொன்ன மனுஷன்மேல், எல்லாருக்கும் மேலே தன்மேல். அத்தை மனசுக்குள் என்னைத்தான் பழிக்கிறார், ஒரு போன்கூட எடுக்காத சண்டாளி என்று நினைக்கிறார் என்று அவளாகவே முடிவுகட்டினாள். மாமியாரும் வாயைத் திறக்கவில்லை. சீட்டுக்கட்டில் யார் ரப்பர் பேண்டைப் போட்டார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் கொழுந்தன் வந்தான். வெளியூரில் பெரிய உத்தியோகம். அண்ணன் செத்ததற்கு வந்து இரண்டாம் நாளே கிளம்பிப் போன பெரிய மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, "அம்மாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன் அண்ணி. உங்களுக்கு எதுக்கு இந்தப் பாரம்?" என்றான்.

பாரமாம்! அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்தார். "அவ இஷ்டம்" என்றார் மாமியார். "அத்தை இஷ்டம்" என்றாள் இவள். இரண்டு வீம்பும் சேர்ந்து அரை நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிட்டன. என்ன பொம்பளைகள் இவர்கள்! இருபது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், ஒருத்தி "போகாதீங்க" என்று சொல்லவில்லை, இன்னொருத்தி "நான் போகலை" என்று சொல்லவில்லை.

பையையும் அவளே அடுக்கினாள். கம்பளி, கண்ணாடி, முதுகுக்குத் தடவுகிற தைலம், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று பெரிய எழுத்தில் எழுதின சீட்டு. ஒன்று விடவில்லை. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அக்கறையாக வெளியே அனுப்புகிறாள் என்றுதான் அந்த அம்மாளுக்குப் பட்டிருக்கிறது.

சனிக்கிழமை பதினொன்று நாற்பது பஸ், ஐந்தாம் நடைமேடை. "உங்க டூட்டி கெட வேண்டாம் அண்ணி, உங்க பஸ் ஸ்டாண்டுலேர்ந்துதானே கிளம்பறோம்" என்று கொழுந்தன் கருணை காட்டியிருந்தான். அந்த பஸ் ஸ்டாண்டில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மூன்று அறிவிப்பு. மூன்றாவதைச் சொன்னால் ஒழிய எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார். முதல் அறிவிப்பைச் சொன்னாள். குரல் வழக்கம் போலத்தான் இருந்தது. இரண்டாவதையும் சொன்னாள். கண்ணாடி வழியே பார்த்தபோது மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து பையின் காதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

கொழுந்தன் செய்தித்தாள் வாங்கிக்கொண்டு விசாரணை ஜன்னலுக்கு வந்தான். "சரி அண்ணி, கிளம்பறோம். இனிமேலாவது நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினான்.

நிம்மதி என்ற அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குத் தலையிலிருந்து கால்வரை பற்றிக்கொண்டது. எது நிம்மதி? சாயந்திரம் பூட்டைத் திறந்தால் ஒரு ஈ காக்காகூட இல்லாமல் கிடக்கப்போகிற வீடா? மைக்கைத் திறந்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஐந்தாம் நடைமேடையிலிருந்து பதினொன்று நாற்பதுக்குப் புறப்படவேண்டிய பேருந்து..."

நின்றுவிட்டாள். டிரைவர் சாவியில் கை வைத்தபடி ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். அடுத்து வந்தது வீட்டுக் குரல்.

"அத்தை! பெரிய ரோஷக்காரியாட்டம் ஏறி உட்கார்ந்துட்டீங்களே, வெக்கமா இல்லை? அவ இஷ்டமாம்! என் இஷ்டத்தை எப்பக் கேட்டீங்க? ஆமா, அன்னிக்கு நீங்க கூப்பிட்டப்ப லைன் கிடைக்கலை. எவனோ ஒருத்தன் கிளிக்கு டிக்கெட் கேட்டுக்கிட்டிருந்தான். அவன்கிட்ட நான் வாயெல்லாம் பல்லா பேசிக்கிட்டிருந்தேன். என் தப்புதான்! அதுக்கு என் மூஞ்சியில துப்பிட்டுப் போங்களேன். இப்படிப் பேசாமக் கொள்ளாமப் போனா என்ன அர்த்தம்? அவரும் சொல்லாமப் போனாரு, நீங்களும் போனா நான் யாருகிட்டப் போய்க் கத்துவேன்? இந்தச் சுவத்துக்கிட்டயா? இறங்குங்க கீழே! இல்லேன்னா இன்னிக்கு இந்த பஸ் நகராது, சொல்லிட்டேன்!"

டைம் கீப்பர் தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடினார். அவள் மைக்கை அணைத்துவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அழுகை வந்ததே என்று அதற்கும் ஆத்திரமாக இருந்தது.

நிமிர்ந்தால், விசாரணை ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்க நிற்கிறார் மாமியார். பை கையில் இல்லை.

"எதுக்குடி ஊரைக் கூட்டறே? எனக்கென்ன காது செவிடா?" என்றார் முதலில். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நான் போனே போடலைடி."

"என்னது?"

"போன் கிட்டப் போனேன். அவன்தான் வேணாம்னான். வெறும் வாயுதாம்மா, அவ டூட்டியில இருக்கா, பதற வைக்காதே. சாயந்திரம் வந்து திட்டட்டும், உட்கார்ந்து நிதானமாக் கேட்டுக்கறேன்னு சொல்லிச் சிரிச்சான். நானும் பாவி, வெந்நீர் போட்டுக் குடுத்துட்டு உட்கார்ந்திருந்தேன்."

"நாலு மாசம்! நாலு மாசமா இதை மறைச்சு வச்சிருந்தீங்களா? நான் அந்தக் கிளிக்காரனை நினைச்சு நினைச்சுச் செத்துக்கிட்டிருக்கேன்!"

"பயந்துட்டேன்டி. உண்மையைச் சொன்னா நீ என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன்னு பயந்து பொய் சொன்னேன். நீ என்னடான்னா ஒரு வார்த்தை திட்டலை." மாமியாருக்கு வாய் கோணிக்கொண்டது. "அதைத்தான்டி என்னால தாங்க முடியலை."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அந்த அம்மாளைப் பிடித்து உலுக்க வேண்டும், ஒரு போன் போட்டிருந்தால் என் புருஷன் இருந்திருப்பானே என்று கேட்க வேண்டும். கேட்பாள். இன்றைக்கும் கேட்பாள், சாகிற வரைக்கும் சாயந்திரம் சாயந்திரம் கேட்பாள். கம்பிக்கு உள்ளேயிருந்து கையை நீட்டி அந்தச் சுருங்கின மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு."

"வரேன் வரேன். முதல்ல கையை விடு, வலிக்குது. பையை விட்டுட்டு வந்துட்டேன்."

வாசலில் டைம் கீப்பர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். பதினொன்று நாற்பத்தாறு. அவள் ஒரு கையால் மாமியாரை விடாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மைக்கைத் திறந்தாள். ஊரறிந்த அந்தத் தேன் குரல், மூக்கடைப்போடு ஒலித்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஐந்தாம் நடைமேடைப் பேருந்தில் பதினைந்தாம் எண் இருக்கையில் இருக்கும் பயணி, தம் அம்மாவின் பையை விசாரணை ஜன்னலில் கொடுத்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். அம்மா வரவில்லை."