கீரைப் பாத்தியில் சுரங்க மண்

என் கணவர் துபாயில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் சீர்காழி பக்கம் ஒரு மனை வாங்கினோம். பள்ளமான மனை. வீடு கட்டுமுன் மேடாக்க ஒரு லாரிக்காரரிடம் மண் அடிக்கச் சொன்னேன். எங்கிருந்து எடுத்த மண் என்று கேட்கவில்லை.

வீடு கட்டியபின் கொல்லையில் எருப் போட்டுத் தண்டுக்கீரை விதைத்தேன். தளதளவென்று வந்தது. பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் ஷாகிதாவுக்குச் சமைக்க முதல்முறையாகப் பறித்துக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டுக்கு மணல் இறக்க வந்த அதே லாரிக்காரர் பார்த்துவிட்டார்.

"ஐயையோ அக்கா, இதுலயா கீரை போட்டீங்க? இது சுரங்கத்துல தோண்டிக் கொட்டுன மண்ணு. வீட்டுக்கு அடியில போடத்தானே கொடுத்தேன்!"

"அதை அன்னிக்கே சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க கேக்கலையேக்கா."

"புள்ளத்தாச்சி திங்க இருந்தாளேய்யா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

மண்ணையும் கீரையையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். இரண்டிலும் ஈயமும் ஆர்சனிக்கும் அளவுக்கு மேல் இருந்தன. செடி செழிப்பாக இருப்பதை வைத்து விஷம் இல்லை என்று சொல்ல முடியாதாம்.

நான் விடவில்லை. லாரிக்காரரை வரவழைத்துக் கொல்லை மண் முழுவதையும் அள்ள வைத்தேன். வழியில் எவன் வயலிலாவது கொட்டிவிடுவார் என்று நானும் லாரியில் ஏறி, எடுத்த இடத்திலேயே கொட்ட வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது மண் எடுக்கும் இடத்தை நேரில் பார்க்காமல் ஒரு லாரியையும் வாசலுக்கு விடுவதில்லை. தெருவில் யார் வீடு கட்டினாலும் பார்த்துவர என்னைத்தான் அனுப்புகிறார்கள்.

பேரன் நன்றாக இருக்கிறான். கொல்லையில் இப்போது என் தம்பி வயலின் மண். "தினமும் கீரையா உம்மா?" என்று ஷாகிதா முகத்தைச் சுளிக்கிறாள். சுளிக்கட்டும், தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.