இரண்டு வலது கைக்காரி

செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த சம்பந்தத்தின் மனைவி வேதநாயகியை நவராத்திரி வந்தால் கையில் பிடிக்க முடியாது. மண் பொம்மைகள் ஒரு கூட்டமே இருந்தாலும் அவளுக்கு உயிர் ஒன்றின்மேல்தான். கல்யாணமான வருஷத்துக் கொலுவுக்கு அவளைப் பெற்ற நைனா பாண்டிச்சேரியிலிருந்து வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்த பீங்கான் துரைசானி அது. நகத்தால் சுண்டினால் வெண்கலக் கிண்ணம்போல ‘ணங்’ என்னும். கன்னத்தில் ஒற்றினால் பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி. அந்த மாதிரி சாமான் இனி எங்கே வரப்போகிறது, நினைத்தாலே ஏக்கமாக இருக்கிறது.

அறுபத்திரண்டாம் வருஷம் பரணிலிருந்து பொம்மைகளை இறக்கித் தருகிறேன் பேர்வழி என்று ஏணியேறிய சம்பந்தம் துரைசானியை நழுவவிட்டார். பொம்மையின் உடம்பு தப்பியது. இடது கை மணிக்கட்டோடு தூளாகிவிட்டது.

சம்பந்தத்தின் அக்கா சுந்தராம்பாள், புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்தவள். கொலுச் சம்பிரதாயம் அத்தனையும் அவளுக்கு அத்துபடி. ஆனால் அவள் மட்டும் கொலுக்கூடத்துக்கு வரமாட்டாள். உள்கட்டுக் கதவோரம் நின்றுதான் பார்ப்பாள். தாலி இழந்தவர்களுக்கு அப்படியொரு பாழாய்ப்போன வழக்கம் அப்போது. அங்கிருந்தே சொன்னாள்:

"மூளியக் கொலுவுல வைக்கக்கூடாது வேதா. ஏரியில விட்டுடு."

"நைனா குடுத்தது அண்ணி" என்று வேதநாயகி அழுதாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சம்பந்தம் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார். மோட்டார் பட்டறை வைத்திருந்த சிநேகிதரிடம் இரண்டு புட்டி வாங்கிவந்தார்.

"இது இன்னாங்க?"

"ரெசினாம். ரெண்டையும் கலந்து ஊத்துனா கல்லாயிடுமாம். ஒடையவே ஒடையாதாம்."

மிச்சமிருந்த கையில் களிமண்ணை அப்பி அச்செடுத்து, ரெசினை ஊற்றி, காய்ந்ததும் ஒட்டினார். வேதநாயகி உற்றுப் பார்த்தாள். கட்டைவிரல் இடம் மாறியிருந்தது.

"அடக் கடவுளே, ரெண்டும் சோத்தாங்கையா இருக்குது!"

"நல்லதாப் போச்சு. எந்தக் கையால குடுத்தாலும் மரியாதைதான்" என்றார் மனுஷன், கூசாமல்.

கை இரண்டும் இருப்பதால் வைக்கலாம் என்று சுந்தராம்பாளும் விட்டுக்கொடுத்தாள். ஆனால் வேதநாயகிக்குத் தெரியும், ரெசின் ரெசின்தான். சுண்டினால் ‘டொக்’ என்னும். குளிர்ச்சி கிடையாது. விழுந்தால் உடையாது என்பதைத் தவிர அதற்கு ஒரு பெருமையும் இல்லை. போதாக்குறைக்கு, பீங்கான் முகம் பால்போல அப்படியே இருக்க, ரெசின் கை வருஷத்துக்கு வருஷம் பழுத்துக்கொண்டே வந்தது. அறுபத்தெட்டாம் வருஷக் கொலுவில் எதிர்க்கடை தனகோட்டி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "இன்னா வேதா, துரைசானிக்குக் காமாலையா?"

கூடமே சிரித்தது. எல்லோரும் கிளம்பியதும் வேதநாயகி பொம்மையைப் படியிலிருந்து எடுத்தாள்.

"எங்க எடுத்துக்கினு போற?" என்றாள் கதவோரம் நின்ற சுந்தராம்பாள்.

"பரணுக்கு அண்ணி. நீங்க அன்னிக்கே சொன்னீங்க. மூளி மூளிதான்."

சொன்ன பிறகுதான் வேதநாயகிக்கு உறைத்தது. தாலி இழந்தவளையும் ஊர் அதே சொல்லால்தான் சொல்லும். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சுந்தராம்பாள் கோபப்படவில்லை.

"அது காமாலை இல்ல வேதா. மஞ்ச பூசிக்கினு வந்திருக்கா. அவ இருக்கட்டும். அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக்கூடாது. ஒதுக்கி வச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

வேதநாயகி துரைசானியைப் பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு உள்கட்டு வாசலுக்குப் போய் நாத்தனாரின் கையைப் பிடித்தாள். அவள் தயங்கத் தயங்க, கூடத்துக்கு அழைத்துவந்து கொலுவுக்கு நேராகப் பாயில் உட்காரவைத்தாள்.

"யாருனா பாத்துட்டா?" என்றாள் சுந்தராம்பாள், எழுந்திருக்கப் பார்த்தபடி.

"பாக்கட்டும் அண்ணி. நாளைக்கு அவங்க வரும்போதும் நீங்க இங்கதான் உக்காந்திருக்கணும்."