கோமளத்தின் ‘அவர் சார்’

கோமளத்தின் வாயில் ‘நான்’ என்ற சொல் மட்டும் வராது. மற்றதெல்லாம் நன்றாகவே வரும். பெங்களூரில் எலிகளுக்குக் கேழ்வரகு கொடுத்து, அதில் எது உடம்பில் ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்தவள் அவள். வேலை முழுக்க அவள் கை. பேச்சு முழுக்க ‘எங்க சார்’.

அந்தச் சார் சுந்தரேசன், அவளுடைய ஆராய்ச்சிக்கு மேற்பார்வையாளர். நல்ல மனிதர்தான், அவரைப் பொல்லாதவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். எலி அறைப் பக்கம் மட்டும் வரமாட்டார். வந்தால் தும்முவார்.

எலிகள் தீனியைக் காலால் வாரி இறைத்துவிடும். எவ்வளவு தின்றது, எவ்வளவு கொட்டியது என்று தெரியாமல் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, கோமளம் சிவாஜிநகரில் ஒரு தகரக் கடைக்குப் போனாள். அரை நாள் அடுப்புப் புகையில் உட்கார்ந்து, விளிம்பு உள்பக்கமாக மடிந்த கிண்ணம் ஒன்றை அடிக்கச் சொல்லி வாங்கிவந்தாள். எலியின் மூக்கு உள்ளே போகும், கால் போகாது. அதற்குப்பின் ஒரு மணி கீழே சிந்தவில்லை. யார் யோசனை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில், “எங்க சார்.”

எலிகளைப் பார்த்துக்கொண்ட பச்சைமுத்துவுக்கு இது பொறுக்கவில்லை. தகரக் கடைக்காரர் அவருடைய மச்சான்.

“ஏம்மா, எங்க மச்சான் கடையில பொகை தின்னு இருமினது யாரு? உங்க சாரா?”

“சும்மா இருங்கோ பச்சைமுத்து. சார் இல்லாம எனக்கேது ஆராய்ச்சி?”

“எலி கடிச்ச வெரலு யாருது? அதுவும் அவருதா?”

கோமளம் விரலைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள்.

1959 பங்குனியில் அவளுடைய உதவித்தொகை நின்றது. ஆராய்ச்சிப் பட்டம் வந்தாயிற்று. அடுத்து என்ன என்பது மட்டும் வரவில்லை. அப்பா அனந்தபத்மநாபனுக்கு அதில் குழப்பமே இல்லை. “ஆத்துல இரு. ஜாதகத்தை வெளியில எடுக்கறேன்” என்றார். அந்த வாரம்தான் புதிதாக வந்த மருந்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. அவர்களுடைய எலிக்கூடத்தை நடத்த ஆள் வேண்டுமாம். கிடைத்தால் எலி, கிடைக்காவிட்டால் ஜாதகம்.

“போற எடத்துல ‘எங்க சார்’னு ஆரம்பிச்சீங்க, வேலை அவருக்குத்தான் கெடைக்கும்” என்றார் பச்சைமுத்து. “அப்புறம் தெனமும் அவருக்கு டிபன் கேரியர் எடுத்துக்கினு போங்க.”

நேர்காணல் இங்கிலீஷில் நடந்தது. கோமளத்துக்குப் புதுத் தெம்பு: இங்கிலீஷில் ‘எங்க சார்’ கிடையாதே! ஆனால் வாயைத் திறந்ததும் வந்து விழுந்தது, “அவர் சார்.” இங்கிலீஷில் ‘அவர்’ என்றால் ‘எங்கள்’ என்று அர்த்தம். கோமளத்துக்கு எந்த மொழியிலும் அது அவர்தான். கேழ்வரகு அவர் சார். கிண்ணம் அவர் சார். எலியைத் தராசில் நிற்க வைத்ததும் அவர் சார்.

கேள்வி கேட்ட மூவரில் நடுவில் உட்கார்ந்திருந்த வெங்கடகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

“ஏம்மா, நீ ஆத்துக்குப் போயிட்டு உங்க சாரை அனுப்பிடேன்?”

பக்கத்திலிருந்த இருவரும் சிரித்தார்கள். கோமளத்துக்கு ஜாதகக் கட்டம் கண்ணெதிரே தெரிந்தது.

“போகட்டும். உங்க எடத்துல எலி ஏதாவது அநியாயமா செத்திருக்கா?”

“ஒன்பது.”

“யாரால?”

சார் தலையில் இதைக் கட்டலாமா? கட்டினால் நாக்கு அழுகிப்போகாதா?

“நான்” என்றாள்.

“என்ன?”

“நான்தான். கூண்டைப் பினாயில் போட்டு நான் அலம்பினேன். காயறதுக்குள்ள குட்டிகளை விட்டது நான். காலம்பற வந்து பார்த்தா ஒன்பதும் போயிடுத்து. அப்புறம் பினாயிலை நிறுத்தினேன். கொதிக்கற ஜலம் விட்டு வெயில்ல வெச்சேன். ஒவ்வொரு கூண்டையும் முகர்ந்து பார்த்துட்டுத்தான் குட்டியை உள்ளே விட்டேன். பாதி நாள் எனக்குச் சாப்பாடே இறங்கலை.”

ஐந்து வருஷத்து ‘நான்’ எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. அணை போட யாருமில்லை.

“நல்லதெல்லாம் அவர், செத்ததெல்லாம் நீ. நல்ல பங்கீடு!” என்றார் வெங்கடகிருஷ்ணன். “அந்தக் கிண்ணம் யாரோடது? இப்போ சொல்லு.”

“என்னோடது” என்றாள் கோமளம், திருட்டை ஒப்புக்கொள்பவள் குரலில்.

எட்டாம் நாள் வேலை உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே சுந்தரேசனிடம் போனாள். அவர் படித்துவிட்டுப் பூரித்துப்போனார்.

“பாத்தியா கோமளம், நாம பண்ணின கிண்ணம்தான் உனக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கு!”

வாசலில் பச்சைமுத்து தொண்டையைச் செருமினார். அவர் சளி பிடித்தவர் இல்லை.

“ஆமாம் சார்” என்றாள் கோமளம். “நான் பண்ணின கிண்ணம்.”

சுந்தரேசன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “அதைத்தானே நானும் சொன்னேன்” என்று காகிதங்களுக்குள் குனிந்துகொண்டார்.

புது இடத்தில் முதல் நாள், அங்கே எலிகள் தீனியை வாரி இறைத்திருந்ததைப் பார்த்தாள். “இதுக்கு ஒரு கிண்ணம் இருக்கு. நான் பண்ணினது” என்று தெளிவாகச் சொன்னாள். யார் அடித்துக் கொடுத்தது என்று கேட்டார்கள்.

“எங்க பச்சைமுத்துவோட மச்சான்” என்றாள் கோமளம்.