டீகனுக்குத் தீட்டுக் காத்தவர்

பவானிபூர் மெஸ்ஸில் லக்ஷ்மிநாராயணனை யாருக்கும் பிடிக்காது. கிளைவ் தெருச் சணல் கம்பெனியில் டைப்பிஸ்ட். சாப்பிட உட்கார்ந்தால் டீகன் புராணம்தான். டீகன் அயர்லாந்துக்காரன். பள்ளிக்கூட வாத்தியாராயிருந்து இங்கிலீஷ்காரனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவன். ஜெயிலுக்குள் இருந்தபடியே தேர்தலில் ஜெயித்தவன். ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யமாட்டேனென்று பார்லிமெண்ட் வாசலை மிதிக்காதவன். இதைச் சொல்லும்போதே எதிரே இருக்கிறவர்களெல்லாம் கோழைகள் என்று லக்ஷ்மிநாராயணன் சொல்லாமல் சொல்வார். நாங்கள் தலை நிமிராமல் சாப்பிடுவோம்.

1920 மழைக்காலத்தில், ஜெயிலில் உண்ணாவிரதமிருந்த டீகன் இறந்துவிட்டதாகப் பேப்பரில் வந்தது. படித்த கையோடு லக்ஷ்மிநாராயணன் குழாயடிக்குப் போய்க் கட்டின வேஷ்டியோடு தலைமுழுகினார். அப்புறம் யாரையும் தொடவில்லை, க்ஷவரம் செய்துகொள்ளவில்லை. பங்காளி சாவு, தீட்டு என்று ஆபீசுக்குச் சொல்லியனுப்பினார்.

அந்த ஆபீஸ் ஹெட்கிளார்க் ஸ்ரீனிவாசராகவனும் எங்கள் மெஸ்தான். லக்ஷ்மிநாராயணனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. நாலாம் நாள் பந்தியில் வைத்தே, விலகி உட்கார்ந்திருந்தவரைக் கேட்டார்.

"எந்தப் பங்காளி ஓய்? அயர்லாந்திலே பாரத்வாஜ கோத்திரம்கூட இருக்கோ?"

பந்தி சிரித்தது. கம்பெனி துரையும் அயர்லாந்துக்காரர்தான், ஆனால் ராஜபக்தர். டீகன் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளவேண்டும் என்கிறவர். ஜுரமென்று சொல்லிக்கொண்டு நாளைக்கே முகத்தை மழித்து வந்து சேரும், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

மறுநாள் லக்ஷ்மிநாராயணன் தாடியோடு போனார். செத்தது யாரென்று துரை கேட்டதும் பெயரைச் சொன்னார். மத்தியானத்துக்குள் வேலை போயிற்று. அன்று ராத்திரி மெஸ்ஸில் அவருக்கு இலை போடவில்லை. போடச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

கொஞ்ச நாளில், டீகன் சாகவில்லை, செய்தி தப்பு என்று அதே பேப்பர் எழுதியது. உயிரோடிருக்கிறவனுக்குத் தலைமுழுகினவர் என்று மெஸ் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குள் அவர் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேகன்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போயிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து டீகன் இங்கிலீஷ்காரனோடு சமாதானமாகி, ராஜாவுக்குப் பிரமாணம் செய்து மந்திரியானான். ஸ்ரீனிவாசராகவன் அந்தப் பேப்பரை என்னிடம் கொடுத்து, கொண்டுபோய் லக்ஷ்மிநாராயணன் மூஞ்சிக்கு எதிரே காட்டு என்றார். ஞாயிற்றுக்கிழமை யார்டுக்குப் போய்க் கொடுத்தேன். கரி படிந்த கையால் வாங்கிக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, மடித்து என்னிடமே நீட்டினார்.

"நான் இவனுக்குத் தீட்டுக் காத்தாச்சு. இனிமே இவன் மந்திரியானா எனக்கென்ன, மண்ணாப் போனா எனக்கென்ன? உங்க ஹெட்கிளார்க்கிட்டே சொல்லு, டீகன் செத்துட்டான்னு நான் அன்னிக்குத் துரைகிட்டே சொன்னது பொய்யில்லேன்னு."

காபி வேணுமா என்றுகூடக் கேட்காமல் வேகன்களுக்கு நடுவே போய்விட்டார்.