நாற்பதா, ஆறா

என் அக்கா கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயர் 'பட்டியல்'. முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அத்தான் கோபித்துக்கொள்ள மாட்டார். பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்.

அவர் வீட்டு ஹாலில், மற்றவர்கள் குடும்பப் படம் மாட்டும் இடத்தில், கதவு அகலத்துக்கு ஒரு சார்ட் தொங்குகிறது. முப்பத்தொரு பழைய வீடியோ கேம் பெட்டிகளின் ஜாதகம் அது. பிராசசர் எத்தனை மெகாஹெர்ட்ஸ், நினைவகம் எத்தனை கிலோபைட், திரையில் ஒரே நேரத்தில் எத்தனை நிறம், ஒலிக்கு எத்தனை சேனல், எல்லாம் கறுப்பு மையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. முப்பத்தொன்றில் அவரிடம் இருப்பவை நான்கே நான்கு. அவற்றிலும் அவர் உட்கார்ந்து விளையாடி நான் பார்த்ததில்லை. திறப்பார், தூசி ஊதுவார், மூடிவிடுவார். கேட்டால், விளையாடுவது சின்னப்பிள்ளைகள் வேலை என்பார்.

எதையும் ஒப்பிடாமல் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கு வேகம் அதிகமாம், அக்காவுக்கு நினைவகம் அதிகமாம். இரண்டாவது உண்மைதான். கல்யாணமான புதிதில் அவர் சொன்ன ஒரு சொல்லை அக்கா இன்றுவரை தேதியோடு வைத்திருக்கிறாள்.

அவருக்குச் சரிசமமான பைத்தியம் எங்கள் வட்டாரத்தில் ஒருவர்தான்: தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அத்தான் செகா மெகா டிரைவ் கட்சி. அவர் சூப்பர் நிண்டெண்டோ கட்சி. வேகத்தில் அத்தான் பெட்டி முந்தும், நிறத்தில் அவர் பெட்டி முந்தும். ஞாயிறு தவறாமல் கடையில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அத்தான் சார்ட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். ஒவ்வொரு பெட்டியிலும் செருகி விளையாடும் கேம் கார்ட்ரிட்ஜ்களில் மிகப் பெரியது எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு. மெகா டிரைவுக்கு நாற்பது, சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஆறு. இருக்கவே முடியாது என்றார் கடைக்காரர். கடை நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். அத்தானுக்கு வாய் சும்மா இருக்குமா?

"கண்ணாடி விக்கிறவருக்கே கண்ணு தெரியலையா? நாப்பது பெருசா, ஆறு பெருசா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அத்தான் கண்ணாடி மாற்றுவதற்குப் பஸ் ஏறித்தான் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா மகள், கட்டிக்கொண்டால் அந்தக் கடைக்காரரின் மகனைத்தான் என்று வந்து நின்றாள். உலகத்தில் வேறு பையனே இல்லையா என்று நானே கேட்டேன். அழுதுவிட்டாள். பையன் தங்கம், குறை சொல்ல வழியில்லை. பையனின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார். பெண் பார்க்க வருவார், ஆனால் அன்று பேசியதற்கு அத்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்.

ஆறுதான் பெரிது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று அக்கா கெஞ்சினாள். அத்தான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். மகளுக்காக உயிரைக் கொடுப்பாராம், பொய்க் கணக்கு மட்டும் சொல்ல மாட்டாராம். உயிரை யார் கேட்டது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சார்ட்டைச் சுக்குநூறாகக் கிழித்திருப்பேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை, சார்ட்டையாவது கழற்றுங்கள் என்றாள் அக்கா. முடியாது, ஒவ்வொரு எண்ணையும் மறுபடி சரிபார்த்து வைக்கிறேன், அந்த ஆள் வாயே திறக்கக்கூடாது என்று பழைய பத்திரிகைக் கட்டை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி கழித்து நான் எட்டிப் பார்த்தபோது, முகம் வெளுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

நாற்பது, ஒரு விளம்பரத்தில் இருந்து எடுத்த எண். அந்தக் கால விளம்பரங்களில் அளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று மெகாபிட்டில் போடுவார்களாம். ஆறு, ஒரு புத்தகத்தில் இருந்து எடுத்தது, அது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஒன்றைப் படியாலும் இன்னொன்றை மரக்காலாலும் அளந்துவிட்டு, எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கிறார் மனிதர். நாற்பதை எட்டால் வகுத்தால் ஐந்து.

நல்லதாகப் போயிற்று, இதையே நாளைக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன். கைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் வந்தார்கள். கடைக்காரர் நாற்காலி நுனியில், எழுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். டீயை யாரும் தொடவில்லை. அத்தான் பேனாவோடு எழுந்தார். சார்ட்டுக்குப் போனார். நாற்பதின்மேல் ஒரே கோடு. அடியில் ஐந்து என்று எழுதி, லிஃப்ட் பதிவேட்டில் திருத்தம் செய்கிற மாதிரி கையெழுத்தும் தேதியும் போட்டார்.

"நான்தான் தப்பு. எட்டால வகுக்காம விட்டுட்டேன். ஆறுதான் பெருசு. அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிச்சுடுங்க."

அந்த வாயில் இருந்து 'நான்தான் தப்பு' என்று அக்காவே இருபத்தாறு வருடத்தில் கேட்டதில்லை. அக்கா மகள் அழ ஆரம்பித்தாள். நானும்தான், என்ன செய்வது.

கடைக்காரர் எழுந்து, சார்ட்டுக்குக் கிட்டே போய், மை காய்கிறவரை பார்த்தார்.

"இத்தனை பேர் முன்னாடியா சொல்லணும்? எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே."

"நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது. நாலு தடவை ஃபோன் பண்ணினேன். நீங்க எடுக்கலை."

எங்களுக்கு இது புதுச் செய்தி. இத்தனைக்குப் பிறகும் கடைக்காரருக்கு அவ்வளவு வீம்பா என்று எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரர் தன் மகனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கல்யாணம் வேண்டாம்னு சொல்லத்தான் கூப்பிடுறீங்கன்னு நினைச்சேன். பையன் பக்கத்துலயே உக்காந்திருந்தான். எடுக்கப் பயமா இருந்துச்சு."